"ஒட்டின மாதிரியே இருக்குண்ணே": படங்களை இணைக்கும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பல படங்களை வெட்டிச் சேர்த்து ஒரே படமாக்கப் பழகுகிறவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "என்னமோ ஒட்டின மாதிரியே இருக்குண்ணே." ஆள் தனியாக நன்றாக இருக்கிறார், பின்னணியும் தனியாக நன்றாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் காதுகுத்து ஃப்ளெக்ஸ் ஆகிவிடுகிறது. உடனே எல்லோருடைய கையும் ஓரத்துக்குத்தான் போகும். முடியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மாஸ்க்கை, அதாவது எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைத் திரையை, செதுக்குவார்கள். ஓரம் சுத்தமாகிவிடும், படம் மட்டும் அப்படியே இருக்கும். கேமரா நின்ற உயரம், வெயில் வந்த பக்கம், கறுப்பின் அடர்த்தி, இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு பெரும்பாலும் ஒளிந்திருக்கும். ஓரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையில் பழக வசதியான மூன்று படங்களை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஒன்று, வீட்டு மொட்டைமாடியில் எடுத்த பாவாடை தாவணிப் பெண்ணைத் திருமலை நாயக்கர் மகால் முற்றத்தில் நிறுத்துவது. இரண்டு, தண்ணீர் நிறைந்த வண்டியூர்த் தெப்பக்குளத்தின் மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடுவது. குளம் வறண்டு கிடந்த வருடங்களில் உள்ளே மட்டையும் பந்துமாகத் திரிந்தவர்களுக்கு இது பாதி நினைவு, பாதி கற்பனை. மூன்று, ஒத்தக்கடை யானைமலைப் பாறைக்கு நிஜ யானையின் தோலைப் போர்த்துவது. போட்டோஷாப், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப், பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ, எதில் செய்தாலும் சரி. லேயரும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) மாஸ்க்கும் இருந்தால் போதும். கர்வ்ஸ் போன்ற திருத்த லேயர் ஜிம்ப்பில் தனியாக இல்லை; அங்கே லேயரின் நகலில் அந்தத் திருத்தத்தைச் செய்து மாஸ்க் வையுங்கள். அழிப்பானை மட்டும் தொடாதீர்கள். அதில் அழித்தது போனது போனதுதான். மாஸ்க்கில் கறுப்பு அடித்து மறைத்ததை வெள்ளை அடித்து மீட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: ஏதோ சரியில்லை, எங்கே என்று தெரியவில்லை

எல்லா லேயருக்கும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரைப் போடுங்கள். அதில் படம் சரியாகத் தெரிந்தால் கோளாறு நிறத்தில். அதிலும் ஒட்டின மாதிரி இருந்தால் கோளாறு வெளிச்சத்தில் அல்லது கறுப்பில். அப்புறம் ஒரு கர்வ்ஸ் லேயர் (ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றும் லேயர்) வைத்து, கோட்டின் அடிப்பகுதியை மட்டும் செங்குத்தாக மேலே இழுங்கள். படம் கன்றாவியாக இருக்கும், பரவாயில்லை. ஆளின் இருட்டுப் பகுதியும் பின்னணியின் இருட்டுப் பகுதியும் வேறு வேறு அளவில் வெளுத்தால் அங்கேதான் சிக்கல். பார்த்து முடித்ததும் இரண்டு லேயரையும் அணைத்துவிடுங்கள்.

படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதும், தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதும் உதவும். வெகுநேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பு தெரியாது.

அறிகுறி: ஆள் ராட்சசனாகவோ குட்டியாகவோ தெரிகிறார், தரையில் நிற்கவே மாட்டேன் என்கிறார்

அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிக்கப் போனால் முடிவே வராது. அடிவானக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். மகால் முற்றத்தில் நேராகத் தெரியாதுதான். ஆனால் உங்களை விட்டு விலகிப் போகும் தரைக்கோடுகள், தூண்வரிசையின் அடிப்பகுதி, மேலே வளைவுகளின் வரிசை, இவற்றைப் புதிய லேயரில் கோடு போட்டு நீட்டினால் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். கேமராவைச் சாய்க்காமல் எடுத்த படமென்றால், அந்தப் புள்ளி வழியாகக் குறுக்கே இழுக்கும் கோடுதான் அடிவானம். கேமரா நின்ற உயரமும் அதுவே.

இதில் ஒரு வசதி இருக்கிறது. கேமராவை 5 அடி உயரத்தில் பிடித்து எடுத்திருந்தால், அதே தரையில் நிற்கும் எவரையும், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், அந்தக் கோடு 5 அடியில்தான் வெட்டும். 5 அடி 4 அங்குலப் பெண்ணுக்குக் கண்ணருகே வரும். பாதத்தை வேண்டிய இடத்தில் வைத்து, கண் அந்தக் கோட்டைத் தொடும்வரை பெரிதாக்கினால் அளவு தானாகச் சரியாகிவிடும்.

மாடிப் படத்தை இடுப்பளவில் கேமரா வைத்து எடுத்திருந்தால் கதை வேறு. தரையை ஒரு கோணத்திலும் பெண்ணின் பாதத்தை இன்னொரு கோணத்திலும் பார்க்கிறோம். இதை எந்த டூலும் முழுதாகத் திருத்தாது. பாதத்தைத் தூணுக்குப் பின்னால் மறைக்கலாம், முழங்காலோடு படத்தை வெட்டலாம். இல்லையென்றால் திரும்ப எடுங்கள். மாடிதானே, படியேறினால் ஆயிற்று.

தூரத்தையும் கவனியுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் போனைப் பிடித்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும். லென்ஸ் செய்த வேலை என்பார்கள், செய்தது தூரம். மகாலில் அந்தப் பெண் கேமராவிலிருந்து 20 அடி தள்ளி நிற்கப் போகிறாள் என்றால் மாடியிலும் 20 அடி தள்ளி நின்று எடுங்கள்.

ஆக, பின்னணியை முதலில் எடுங்கள், ஆளை அதற்குப் பிறகு. கணினிக்கு முந்தியவர்களும் திட்டம் போட்டுத்தான் செய்தார்கள். 1850-களில் இங்கிலாந்தில் பல நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்ட ஹென்றி பீச் ராபின்சன், படம் எப்படி அமைய வேண்டும் என்று தாளில் வரைந்து பார்த்துக்கொண்டு வேலை செய்தவர்.

அறிகுறி: முகத்தில் ஒரு வெயில், சுவரில் ஒரு வெயில்

மதுரை வெயிலின் போக்கு தெரிந்தால் பாதிச் சிக்கல் வராது. ஊர் ஏறக்குறைய 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் ஏப்ரல் நடுவிலும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும், உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். நம் ஊரில் அந்த நாட்களின் உச்சி, கடிகாரத்தில் 12.15-ஐத் தாண்டித்தான். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். நடுவே ஜூனில் சூரியன் வடக்கே சாய்வதால் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். ஆள் உயரத்தில் கால்பங்குதான் இருக்கும். மார்கழியில் நிழல் வடக்கே விழும், உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளும்.

சித்திரைத் திருவிழாச் சமயத்து மதியத்தில் மகாலை எடுத்துவிட்டு, பெண்ணை மாலை ஐந்து மணி வெயிலில் எடுத்தால் என்ன ஆகும்? மகாலில் எல்லா நிழலும் நேர் கீழே. பெண்ணுக்கு ஒரு கன்னம் பொன்னாக, மறு கன்னம் இருட்டாக. நடுப்பகலில் நின்றிருந்தால் கண்குழி கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் கண் நம்பாது.

இரண்டு படத்திலும் மூக்கின் நிழல், தாடையின் நிழல், தூணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். நேர் எதிராக இருந்தால் ஆளை இடவலமாகத் திருப்பலாம் என்று தோன்றும். கவனம். முந்தானை வலத் தோளுக்குப் போய்விடும், ஒற்றை மூக்குத்தி பக்கம் மாறும், பனியனில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிவிடும். இதை நம் ஊர்ப் பாட்டிகள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். முடிந்தால் பின்னணியைத் திருப்புங்கள். அதிலும் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

கொஞ்சம்தான் விலகியிருக்கிறது என்றால், ஆள் லேயரோடு இணைத்து இரண்டு கர்வ்ஸ் லேயர் வையுங்கள்; ஒன்று வெளிச்சமாக்க, ஒன்று இருட்டாக்க. இரண்டின் மாஸ்க்கையும் முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால், மிகக் குறைந்த ஓபாசிட்டியில் (அடர்த்தியில்), வெயில் படவேண்டிய பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். இது மென்மையான வெளிச்சத்தில் எடுத்த படத்தில்தான் பலிக்கும். சுள்ளென்ற வெயிலில் எடுத்த முகத்தில் ஏற்கெனவே விழுந்த நிழலை அழிக்க முடியாது. பழகும் காலத்தில் ஆளை மேகமூட்டத்திலோ, வாசலை ஒட்டிய நிழலிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மகாலிலும் முற்றத்தை விட்டுவிட்டுத் தூண்களுக்கு உள்ளே நிறுத்துங்கள். அங்கே வெளிச்சம் முற்றத்துப் பக்கமிருந்து மட்டும் பரவலாக வரும், ஒத்துப்போவது எளிது.

அறிகுறி: ஆள் மிதக்கிறார்

நிழலே போடாததைவிட டிராப் ஷேடோ பொத்தானை அழுத்துவது மோசம். அது ஆளுக்குப் பின்னால் சுவர் இருப்பதாக நினைத்து நிழல் போடும். நமக்கு வேண்டியது தரையில் படுத்த நிழல்.

இரண்டு நிழல் தேவை. முதலாவது, பாதமும் தரையும் தொடும் இடத்துக் குறுகிய இருட்டு. பாவாடை விளிம்புக்கு அடியிலும் குதிகாலுக்கு அடியிலும் மெல்லிய, அடர்த்தியான கோடாக இருக்கும். வானம் மூடிய நாளிலும் இது இருக்கும். ஆளை நிறுத்துவது இதுதான்; இதை மட்டும் சரியாகப் போட்டாலே பாதி மிதப்பு போய்விடும். இரண்டாவது, வெயில் போடும் நீள நிழல். ஆள் லேயரை நகலெடுத்து, ஒரே நிறத்தில் நிரப்பி, தரையில் சாய்த்து, கீழே இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் வையுங்கள். சாய்வை நீங்களாக யோசிக்க வேண்டாம், பக்கத்துத் தூணின் நிழலைப் பார்த்து வையுங்கள்.

நிறத்துக்கு வெறும் கறுப்பைத் தொடாதீர்கள். வெளியிடத்து நிழலில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். படத்திலேயே இருக்கும் வேறொரு நிழலிலிருந்து நிறத்தை எடுங்கள். ஓரத்தின் மங்கலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியன் நமக்கு ஏறக்குறைய அரை பாகை அகலம் தெரிவதால், நிழலின் விளிம்பு தூரத்துக்குத் தூரம் மங்கும். ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். பாதத்தருகே கூர்மை, தலையின் நிழலில் மென்மை. முழு நிழலையும் ஒரே அளவு மங்கலாக்கினால் பொய் நிழல் என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: தண்ணீரில் பிம்பம் பொய்யாகத் தெரிகிறது

தெப்பக்குளப் படத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இது. பையனைத் தலைகீழாகத் திருப்பி, ஓபாசிட்டியைக் குறைத்து, கொஞ்சம் அலை போட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். தூரத்தில் நிற்கும் பையனுக்கு அது போதும். அருகில் நிற்பவனுக்குப் போதாது. பிம்பத்தில் தெரிவது, நீர்மட்டத்துக்குக் கீழே அதே ஆழத்தில் ஒரு கேமரா இருந்தால் அதற்கு என்ன தெரியுமோ அது. குனிந்து மட்டை பிடித்திருப்பவனின் முதுகு நேர்ப் படத்தில் தெரிந்தால், பிம்பத்தில் வயிறும் தாடையின் அடிப்பக்கமும் தெரிய வேண்டும்.

அதனால் ஒவ்வொரு பையனையும் இரண்டு முறை எடுங்கள். முதல் படம் வழக்கமான உயரத்தில். இரண்டாவது, அவன் அசையாமல் நிற்க, போனைத் தரையோடு தரையாக வைத்து. இந்த இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பிம்பத்துக்கு வையுங்கள். முழுச் சரியில்லைதான், ஆனால் கண் ஏற்றுக்கொள்ளும்.

எகிறிப் பந்து பிடிப்பவன் தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறானோ, பிம்பம் அவ்வளவு கீழே தொடங்கும். பந்துக்கும் அப்படியே. பந்தின் பிம்பத்தை மறந்துவிடுவார்கள்; அதை வைத்தால் படம் சட்டென்று உயிர்பெறும். நடுவிலுள்ள மண்டபம் மேடை மேல் இருப்பதால், அதன் பிம்பம் மேடை விளிம்பிலிருந்து அளக்கப்படாது. மேடைக்கு அடியில் நீர்மட்டம் நீண்டு போவதாக வைத்துக்கொண்டு அங்கிருந்து அளக்க வேண்டும்.

நம் காலடி நீரை ஏறக்குறைய நேர் கீழாகப் பார்க்கிறோம். அங்கே பிரதிபலிப்பு குறைவு, நீரின் சொந்தப் பச்சைதான் அதிகம் தெரியும். தூரத்து நீரைச் சாய்வாகப் பார்ப்பதால் பிரதிபலிப்பு பலமாக இருக்கும். ஆகவே பிம்ப லேயருக்கு கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு, முன்னால் வரவர மங்கச் செய்யுங்கள். அலை இருந்தால் பிம்பம் மேலும் கீழுமாக நீளும், பக்கவாட்டில் அவ்வளவாக விரியாது. மோஷன் பிளரைச் செங்குத்தாக வையுங்கள்.

அறிகுறி: மலையில் போர்த்திய தோல் முன்னால் வந்து நிற்கிறது

யானைமலையைச் சாலையிலிருந்து பார்க்கும்போது நடுவில் இருக்கும் அத்தனை தூரத்துக் காற்றும் தூசியும் கறுப்பை வெளுக்கவைத்துவிடுகின்றன. பாறையின் மிக இருட்டான பொந்துகூடப் படத்தில் சாம்பல்நீலமாகத்தான் இருக்கும். அருகில் நின்று எடுத்த யானைத் தோலில் கன்னங்கறுப்பு உண்டு. ஒட்டியவுடன் அந்தக் கறுப்பு மலையைத் தூக்கி முன்னால் கொண்டுவந்துவிடும்.

தோல் லேயருக்கு லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் வசதி) போட்டு, வெளியீட்டுக் கறுப்பை மலையின் கறுப்பளவுக்கு உயர்த்துங்கள். படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பிரிவுகளில் (சேனல்) நீலச் சேனலில் இன்னும் கொஞ்சம் அதிகமாக உயர்த்தினால் தூரம் வந்துவிடும். பிறகு, மேல் லேயரைக் கீழ் லேயரோடு கலக்கும் சாஃப்ட் லைட் அல்லது ஓவர்லே முறை. பாறையின் சொந்த வெளிச்சமும் நிழலும் கீழே அப்படியே இருக்கட்டும், தோலின் சுருக்கம் மட்டும் மேலே வரட்டும். சுருக்கங்கள் பாறையின் வளைவோடு ஓடவேண்டும். வார்ப் டூலில் பொறுமையாக வளைக்க வேண்டிய வேலை. சுருக்கத்தின் அளவையும் கவனியுங்கள். பெரிதாக வைத்தால் மலை சிறிய பாறையாகத் தெரியும். நுணுக்கமாக வைத்தால்தான் யானை மலையளவு ஆகும்.

அறிகுறி: முடியைச் சுற்றி வெள்ளை அல்லது நீலக் கோடு

மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்குங்கள். மிச்சமிருக்கும் நிறத்தை, ஆள் லேயரோடு இணைத்த புதிய லேயரில் கலர் முறையில், முடியின் நிறத்தைக் கொண்டே பூசுங்கள். ஓரம் முழுவதும் ஒரே கூர்மையில் இருக்கக் கூடாது. ஃபோகஸில் உள்ள தோளின் ஓரம் கூராகவும், பறக்கும் தாவணியின் ஓரம் மென்மையாகவும் இருக்கட்டும்.

கருங்கூந்தலை வெளிர் வானத்தில் எடுத்திருந்தால் நீலச் சேனலைப் பாருங்கள். வானம் வெள்ளையாக, முடி கறுப்பாகப் பிரிந்து தெரியும். அதையே நகலெடுத்து, முடி வெள்ளையாகவும் வானம் கறுப்பாகவும் மாறும்படி நேர்மாறாக்கி (இன்வர்ட்) மாஸ்க் ஆக்கலாம். ஆனால் தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் இந்த வித்தை கவிழ்ந்துவிடும். வெள்ளைப் பூவும் வெள்ளை வானமும் ஒன்றாகிவிடும். பூவை மட்டும் பென் டூலால் தனியாக வெட்டிச் சேருங்கள். இன்னும் நல்லது, ஒட்டப்போகும் இடம் இருட்டான தாழ்வாரம் என்றால் இருட்டான கதவுக்கு முன்னால் நிறுத்தி எடுப்பது. பச்சைத் துணி கட்டுவதானால் ஆளைத் துணியிலிருந்து ஆறடியாவது தள்ளி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கன்னமெல்லாம் பச்சை ஏறும்.

அறிகுறி: நிறம் ஒத்துப்போகவில்லை

இரண்டு படத்திலும் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்றைத் தேடுங்கள்: வேட்டி, சுண்ணாம்புச் சுவர், மல்லிகை. இரண்டு வெள்ளையும் ஒரே சாயலுக்கு வரும்வரை கர்வ்ஸில் சிவப்பு, நீலச் சேனல்களை நகர்த்துங்கள். பளபளக்கும் அரக்குப் பட்டில் மடிப்பே தெரியாமல் ஒரே திட்டாக இருந்தால் சிவப்புச் சேனல் உச்சியில் முட்டிவிட்டது என்று பொருள், சாச்சுரேஷனைக் குறையுங்கள்.

அறிகுறி: ஒன்று வழவழ, இன்னொன்று மணல்

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தை நல்ல கேமராப் படத்தோடு சேர்த்திருப்பீர்கள். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். எல்லாம் முடிந்தபின் மேலே நடுச்சாம்பல் நிரப்பிய ஒரு லேயர் வைத்து, கொஞ்சம் நாய்ஸ் சேர்த்து, ஓவர்லே முறையில் விட்டால் இரண்டுக்கும் ஒரே மணல் விழும். வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவதற்கும் இதே மருந்து. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். வானத்தை இழுத்து இழுத்துத் திருத்தினால் படி தெரியத்தான் செய்யும். முதலிலிருந்தே 16 பிட்டில் வேலை செய்வது நல்லது. ஜிம்ப்பிலும் 2018-இல் வந்த 2.10 முதல் அந்த வசதி இருக்கிறது.

சுங்குடிப் புடவையின் புள்ளிகள் படத்தைச் சிறிதாக்கும்போது அலையலையாக மாறினால், சுருக்குவதற்கு முன் புடவையை மட்டும் லேசாக மங்கலாக்குங்கள்.

அறிகுறி: இறந்துபோன தாத்தா குடும்பப் படத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறார்

பழகத் தொடங்கியதுமே சொந்தக்காரர்கள் கொண்டுவரும் வேலை இது. கையிலிருப்பது ஸ்டாம்ப் அளவு கறுப்பு வெள்ளைப் படம், முகத்துக்கு நேராக அடித்த ஸ்டுடியோ விளக்கு. அதற்கு நிறம் பூசி, வேறொருவர் உடம்பில் தலையை வைத்து, கல்யாண மேடையில் நிறுத்தினால் வீட்டாருக்கே சங்கடமாகத்தான் இருக்கும். என் யோசனை, அவரைக் கறுப்பு வெள்ளையாகவே விடுங்கள். குடும்பத்தை எடுக்கும்போது ஒரு நாற்காலியைக் காலியாக வைத்து, அதே மாதிரி நேர் வெளிச்சத்தில் எடுத்து, அவரை அங்கே உட்காரவையுங்கள். ஏஐ பொத்தான் முகத்தைத் தெளிவாக்கித் தருகிறது என்பார்கள். அது இல்லாத தகவலை இட்டுக்கட்டித்தான் தெளிவாக்குகிறது. வருவது தாத்தா சாயலில் வேறு யாரோ. முதலில் பாட்டியிடம் காட்டிக் கேளுங்கள்.

அறிகுறி: திரையில் அருமை, அச்சில் மந்தம்

திரையின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்து வேலை செய்திருப்பீர்கள். பாதிக்குக் குறைத்துவைத்து மறுபடி பாருங்கள். நிழல் பகுதிகள் எவ்வளவு இருட்டு என்பது அப்போதுதான் தெரியும். திரையின் பளீர் நீலமும் பச்சையும் அச்சின் நான்கு நிற மைக்கு (சிஎம்ஒய்கே) எட்டாது, அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஃப்ளெக்ஸில் பெரிதாக அடிப்பதற்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தேவையில்லை. தள்ளி நின்று பார்ப்பதால் 72 போதும். பத்தடி அகலத்துக்கு 8,640 பிக்சல்.

கடைக்குக் கொடுக்கும் முன் எந்த வடிவத்தில், எந்த நிற அமைப்பில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேயர் உள்ள மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள், நகலைத் தட்டையாக்கிக் கொடுங்கள். முகமும் நிழலும் சேர்ந்து வரும் ஒரு துண்டை மட்டும் முதலில் அடித்து வாங்கி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிழல் அடைத்துப்போயிருந்தால் நகலின் மேல் ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு அடிப்பகுதியைக் கொஞ்சம் தூக்கி, இன்னொரு துண்டு அடித்துப் பார்த்துவிட்டு முழுசாக அடிக்கச் சொல்லுங்கள்.